ஏழரைக்கு ஒரு நாய்

சனிக்கிழமை காலை என்றால் எனக்குப் பிரஷர் தலைக்கு ஏறிவிடும். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். மற்ற நாட்களில் இருமல் மருந்து கேட்டு வருகிறவர்களிடம் நல்லபடியாகத்தான் பேசுவேன். சனிக்கிழமை மட்டும் யாராவது வந்து, "யக்கா, உங்க வீட்டு நாய் நல்லா இருக்குதா?" என்று கேட்டால், கேட்டவர் முகத்தைப் பார்க்காமல் கையிலிருக்கும் பையைத்தான் பார்ப்பேன். பைக்குள் டிபன் பாக்ஸ் இருக்கும். டிபன் பாக்ஸுக்குள் எள் சாதம் இருக்கும். பிரஷர் மாத்திரை என் கடையிலேயே கிடைப்பது ஒரு வசதி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது எங்கள் வீட்டு நாய் இல்லை. யாரோ வாங்கி, யாரோ தின்னக் கொடுத்துக் கெடுத்து, யாரோ விட்டுவிட்டுப் போன நாய். நல்ல வீடு ஒன்று அமையும் வரை என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். இப்படி நாய்களை வைத்திருந்து கொடுப்பதை யாரும் என்னிடம் வேலையாக ஒப்படைக்கவில்லை. ஆரோவில் பக்கம் கைவிடப்பட்ட நாய்களை மீட்கும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஒருமுறை சொறி மருந்து வாங்க என் கடைக்கு வந்தார்கள். பேச்சுவாக்கில் எங்கள் வீட்டைச் சுற்றி மதில் சுவரும் காலி இடமும் இருப்பதைத் தெரிந்துகொண்டு போனார்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பண்ணை வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கூரை போடுவதற்கு முன்பே பெரிய நாய் ஒன்றை வாங்கிவிடுவார்கள். சின்ன நாய் வாங்கினால் மரியாதைக் குறைவு. கேட்டில் நாய் படம் போட்ட போர்டு மாட்டுவார்கள். மாதத்தில் ஒருநாள் வந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பார்கள். பிறகு பிள்ளைக்கு வெளிநாட்டில் படிப்பு, அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை, இடம் விற்பனை என்று ஏதாவது வரும். சோபாவை ஏற்றிக்கொண்டு போவார்கள், ஃபிரிட்ஜை ஏற்றிக்கொண்டு போவார்கள், நாயை மட்டும் மறந்துவிடுவார்கள். பட்டாசு வெடித்தால் என் கட்டிலுக்கு அடியில் நுழையப் பார்த்த கிரேட் டேன், டீக்கடை பெஞ்சில் கட்டிவிட்டுப் போன ஜெர்மன் ஷெப்பர்டு என்று எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்கள் எல்லாரும் இந்த வகைதான். காவலுக்கும் வேட்டைக்கும் மந்தை மேய்க்கவும் பிறந்த ஜாதி. இங்கே வந்து வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கும்.

இவன் ராட்வைலர். அனுமந்தை போகிற வழியில் ஒரு பண்ணை வீடு கைமாறியது. புதிதாக வாங்கியவருக்கு நாய் வேண்டாம், விற்றவர் போனை எடுக்கவில்லை. வாட்ச்மேன் ஊருக்குப் போகிற நாளில் எனக்குத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் கார் ஷெட்டில் கறுப்பாக ஒரு மலை படுத்திருந்தது. அந்த வாட்ச்மேன் கெட்டவர் இல்லை. நாயை அவிழ்க்கப் பயந்து, அந்தப் பயத்துக்குப் பரிகாரமாக மூன்று வேளையும் தட்டு தட்டாகச் சோறு போட்டிருக்கிறார். குட்டையான சங்கிலி, நடையே கிடையாது. எழுந்திரு என்றால் முன்னங்கால் எழுந்தது, பின்னங்கால் எழவில்லை.

என் வீட்டுக்காரர் உப்பளத்தில் மேஸ்திரி. மூட்டை தூக்கும் ஆட்களைக் கூட்டிவந்து தார்ப்பாயில் வைத்துத்தான் அவனை வண்டியில் ஏற்ற முடிந்தது. வீட்டில் இறக்கிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நாய்னு சொன்ன. கன்னுக்குட்டிய கொண்டாந்து போட்டுக்கிற."

"வீடு கிடைக்கிற வரைக்கும்தான்," என்றேன்.

"இத எந்த வீட்டுல வெப்பான்? நடக்காத நாய எவன் கேப்பான்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. புதுச்சேரியில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் மருத்துவர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அதையேதான் வேறு மாதிரி சொன்னார். இந்த ஜாதிக்கே இடுப்பு மூட்டு பலவீனம். அதற்கு மேல் இவ்வளவு பாரம். எடை இறங்கினால் கால் பிழைக்கும். இறங்காவிட்டால் மழைக்காலம் முடிவதற்குள் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிடும். விழுந்துவிட்டால் இவ்வளவு பெரிய உடம்பைப் புண் வராமல் புரட்டிப் போட யாராலும் முடியாது. அதற்குப் பிறகு ஊசிதான். அந்த ஊசி எது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீரில் நடக்க வைத்தால் பாரம் தெரியாது, சதை பிடிக்கும் என்றும் சொன்னார். "எங்க வீட்ல ஸ்விம்மிங் பூல் இல்லைங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே சாப்பாட்டில் கை வைத்தேன். வேகவைத்த கோழி, பூசணிக்காய், கைப்பிடிச் சோறு. அளந்து வைப்பேன். அவன் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பான். மிச்சம் எங்கே என்று கேட்கிற பார்வை. அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை நான். அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. கொடுக்கப் போகிற நாய்க்குப் பெயர் எதற்கு, "டேய்" என்றால் திரும்புகிறான், போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எடை பார்க்க உப்புக் கொட்டகைக்குக் கொண்டுபோவோம். மூட்டை நிறுக்கும் பெரிய தராசு அங்கேதான் இருக்கிறது. உப்பு வாருகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றுகொள்வார்கள். "மேஸ்திரி, இதையும் லோடுல சேத்துடுங்க" என்று ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் வாரம் எடை இறங்கவில்லை. சரி, போகப்போக இறங்கும் என்றிருந்தேன். அடுத்த வாரம் ஏறியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் ஏறியிருந்தது.

நான் என் வீட்டுக்காரரைத்தான் சந்தேகப்பட்டேன். திருட்டுத்தனமாக பிஸ்கட் போடுகிற ஆள் அவர். "எம்மேல சத்தியமா நான் போடல" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவும் இல்லை. கடைசியில் எதிர்வீட்டு பாய் ஒருநாள் பைக்கை நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கோச்சுக்காதீங்கம்மா. சனிக்கிழமை காலைல உங்க வாசல்ல கூட்டமா நிக்குறாங்க. பைக்க வெளிய எடுக்க முடியல. ஏதாச்சும் வேண்டுதலா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மெல்லப் புரிந்தது. சனிப்பெயர்ச்சி முடிந்த வருஷம் அது. ஊரில் பாதிப்பேருக்கு ஏழரை, மீதிப்பேருக்கு அஷ்டமச்சனி. சனி தோஷத்துக்குக் கறுப்பு நாய்க்கு எள் சாதமோ தயிர் சாதமோ வைக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த பரிகாரம். மரக்காணத்தில் கறுப்பு நாய்க்கா பஞ்சம்? மீன் மார்க்கெட்டில் மட்டுமே ஒரு கூட்டம் திரியும். ஆனால் அவையெல்லாம் ஒல்லிக்குச்சி. சாதத்தைக் கீழே வைப்பதற்குள் ஓடிவிடும், இல்லாவிட்டால் வேறு நிறத்து நாய் வந்து தின்றுவிடும். இவனோ கேட் கம்பிக்குப் பின்னால் சாமி மாதிரி உட்கார்ந்திருக்கிறான். நகர மாட்டான், குரைக்க மாட்டான், கொடுத்ததை மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொள்வான். நான் கடை திறக்கப் போன பிறகு தரிசனம் ஆரம்பமாகிவிடும்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஜோசியர்தான் மூலகாரணம் என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். வாயுத் தொல்லைக்கு என்னிடம்தான் மாத்திரை வாங்குவார்.

"நான் கறுப்பு நாய்னுதாம்மா சொன்னேன். உங்க வீட்டு நாய்னு சொல்லல."

"பின்ன ஏன் எல்லாரும் எங்க வீட்டுக்கே வர்றாங்க?"

"பெரிய நாயா இருந்தா நல்லதான்னு கேட்டாங்க. கெடுதல்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

கேட்டுக்குத் தகரம் அடித்தேன். மதில் மேலிருந்து பொட்டலம் விழுந்தது, பிரயோஜனமில்லை என்று தகரத்தைக் கழற்றிவிட்டேன். "நாய்க்கு உடம்பு சரியில்லை, உணவு தர வேண்டாம்" என்று அட்டையில் எழுதி மாட்டினேன். உடம்பு சரியில்லாத நாய்க்குப் போட்டால் இரட்டைப் புண்ணியம் என்று யாரோ ஒரு பெரியம்மா விளக்கம் சொன்னாராம். பொறுமை போய், ஒருநாள் கடைக்கு வந்த இரண்டு பெண்களிடம் சாஸ்திரத்தையே எடுத்து வீசினேன்.

"நல்லா பாருங்க. அது முழுக் கறுப்பு இல்ல. கண்ணு மேல ரெண்டு பொட்டு பழுப்பு. மூஞ்சி பழுப்பு, காலு பழுப்பு. அதுக்கு ஊட்டுனா பலிக்கவே பலிக்காது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தால், நாயின் முகத்தில் பழுப்பையே காணோம். கண்ணுக்கு மேல் இருந்த பொட்டுகள் போய்விட்டன. கன்னம் கறுப்பு, நான்கு கால்களும் கறுப்பு. ஏதோ புது வியாதி என்று பதறித் தொட்டேன். என் கை கறுப்பானது. கண் மை. விளக்கெண்ணெயில் குழைத்து அழகாகப் பூசியிருந்தார்கள். அவன் நக்கி நக்கி நாக்கும் கறுத்துப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"காவக்கார நாய்னு சொன்னியே. புருவத்துக்கு மை வெக்கிற வரைக்கும் உக்காந்துனு இருந்துக்கிறான் பாரு!"

சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே நான் எல்லோரையும் திட்டினேன். வந்தவர்களை, ஜோசியரை, சிரித்தவரை, சனி பகவானை. நாயையும் சேர்த்துத்தான். ஈரத்தோடு எழுந்து நிற்கப் பார்த்தான். பின்னங்கால் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு எனக்குத் திட்ட வரவில்லை. மழைக்காலத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்ற பயம்தான் வந்தது.

மறு சனிக்கிழமை கடையைத் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். கூட்டம் சேர்ந்ததும் வெளியே வந்து தெருவே கேட்கும்படி கத்தினேன். என்ன கத்தினேன் என்பது இங்கே எழுதத் தக்கதில்லை. டிபன் பாக்ஸ்கள் மூடிக்கொண்டன, கூட்டம் கலைந்தது. ஒருத்தி மட்டும் போகவில்லை. என் வீட்டுக்காரரின் உப்பளத்தில் உப்பு வாருகிறவள்தான். வேலை முடித்த கையோடு வந்திருந்தாள். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. கையில் தூக்குப் பாத்திரம்.

"உனக்கு வேற சொல்லணுமா? நீ போ," என்றேன்.

"எம் புள்ள கல்ஃப்ல மாட்டிகினு இருக்கான் யக்கா. கம்பெனிய மூடிட்டாங்களாம். பாஸ்போர்ட்ட குடுக்க மாட்டன்றானுங்களாம். ஏழரைன்னு சொன்னாரு. கறுப்பு நாய்க்குப் போடுன்னாரு."

"உம் புள்ள வரணும்னு இந்தப் புள்ளையோட கால ஒடைக்கிறியே, நியாயமா? இது திங்கத் திங்க காலு போயிடும். காலு போனா சாவடிச்சிடுவாங்க. தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தூக்குப் பாத்திரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கம்பிக்குள்ளிருந்து அவன் மூக்கை நீட்டி அந்தப் பாத்திரத்தைத் தேடினான், மானங்கெட்டவன்.

"சரி, சோறு போடல. வேற இன்னா செய்யட்டும், நீங்களே சொல்லுங்க. எதனா செஞ்சாவணும் யக்கா. சும்மா ஒக்காந்துனு இருக்க முடியல."

எனக்கு அப்போதும் எரிச்சல்தான். உன் மகனுக்கும் இந்த நாய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் கையில் வேறு என்னதான் மிச்சம் இருக்கும்?

"செய்யணும்னா அவன நடக்க வை. தண்ணில நடக்க வைக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. எனக்குக் கடை, அவருக்கு அளம். ஆள் இல்ல."

"நடக்க வெச்சா பலன் உண்டா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவனுக்குக் காலு நிக்கும். அவ்வளவுதான்."

அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"சனி பகவானுக்கே காலு நொண்டிதான யக்கா. நொண்டி நாய நடக்க வெச்சா அவரு வேணாம்னா சொல்லப் போறாரு?"

அடுத்த நாளிலிருந்து வந்தாள். உப்பளத்து வேலை விடிவதற்கு முன்பே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போவாள். உப்பங்கழித் தண்ணீர் முதலில் வந்து நிற்கும் பெரிய தேக்கம் ஒன்று அளத்தின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே உப்பு அதிகம் ஏறியிருக்காது, இடுப்பளவுதான் ஆழம். இவன் கரையில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீரைப் பார்த்தால் பயம். மந்தை மாடுகளை ஓட்டிப் பழகிய ஜாதியாம் இது, வண்டிகூட இழுக்குமாம், புத்தகத்தில் போட்டிருக்கிறது. அவள் புடவையைச் சொருகிக்கொண்டு முதலில் தானே இறங்கி, அவனை இழுத்து, அவன் பரம்பரையையே கெட்ட வார்த்தையில் திட்டினாளாம். என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அந்தத் திட்டுக்கு அவன் இறங்கிவிட்டானாம். நான் திட்டினால் ஒருநாளும் நகர்ந்ததில்லை.

நிம்மதியாக இருக்க விட்டாளா என்றால் இல்லை. இரண்டாம் வாரம் குறுக்குவழி என்று, உப்பு படிந்து வாருவதற்குத் தயாராக இருந்த பாத்தி வழியாக அவனை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வெள்ளை வெளேரென்ற பாத்தியில் கோடியிலிருந்து கோடி வரை சேறு கலந்த காலடி. வேலையே அதில்தான், அவளுக்குத் தெரியாததா? மேஸ்திரி குதித்தார்.

"உப்பு வார்ற பொம்பள நீ, ஒனக்கு அறிவு வேணாம்? எவன் வாங்குவான் இந்த உப்ப?"

"அவன் காலு வலிக்குதுன்னு அழுதான் மேஸ்திரி. சுத்தினு வர முடியல."

"நாய் அழுதுதா? உங்கிட்ட சொல்லிச்சா?"

அன்று வீட்டுக்கு வந்து என்னிடமும் கத்தினார். நான் அவளிடம் கத்தினேன். அவள் நாயிடம் கத்தினாள். நாய் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டது. மறுநாள் அவள் சுற்றுவழியாகவே கூட்டிப்போனாள். உப்புத் தண்ணீரில் பாதம் வெடிக்காமல் இருக்க, அவள் தன் காலுக்குத் தடவுகிற தேங்காய் எண்ணெயை அவன் காலுக்கும் தடவினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தராசு முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியது. முள் ஆடுகிறது என்று திரும்ப ஏற்றி நிறுத்திப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. அடுத்தடுத்த வாரமும் இறங்கியது. மழை வந்தது, அளத்தில் வேலை நின்றது, அவள் வருவது நிற்கவில்லை. கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். மழை விட்டபோது அவன் நான்கு காலிலும் நின்றான். நடை கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் நடை. மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டு, இனி வீடு பார்க்கலாம் என்றார்.

வீடு பார்ப்பது பற்றிச் சொன்னால் இன்னொரு முறை பிரஷர் ஏறும். போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்ட அன்றே போன் வரத் தொடங்கியது. இறால் பண்ணைக்காரர் ஒருவர், குட்டைக்கு நடுவில் கட்டிப்போட நாய் வேண்டும் என்றார். ஒருவர் குட்டி எடுக்கக் கேட்டார். ஒருவர் தன் வீட்டு லாப்ரடாரைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாமா என்றார், பாத்திரக் கடையில் பழைய குடத்துக்குப் புதுக் குடம் கேட்பதுபோல. நடுவில் சென்னையிலிருந்து ஒருவர் மட்டும் மனுஷன் மாதிரி பேசினார். ஐ.டி. வேலை, தனி வீடு, தோட்டம், மாடிப்படி ஏறத் தேவையில்லை. என்ன சாப்பாடு, என்ன மாத்திரை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நான் அவருக்கே கொடுப்பதாக முடிவு செய்துவிட்டேன்.

இதற்கிடையில் அவள் மகன் வந்துவிட்டான். யாரோ தூதரகம் வரைக்கும் போய்ப் போராடி, ஒரு கூட்டமாக அனுப்பிவைத்திருக்கிறார்கள். ஊருக்கு அதெல்லாம் கணக்கில்லை. நாயால்தான் வந்தான். கலைந்துபோன கூட்டம் மறுபடி சேர்ந்தது, அடுத்த சனிக்கிழமை திண்டிவனத்திலிருந்துகூட ஆள் வந்தது. அவள் மட்டும் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அந்த வாரம் முழுக்க வரவில்லை. அவள் வருகிற நேரத்துக்கு அவன் கேட்டருகில் போய் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பான். வெயில் சுட்டாலும் எழுந்து வர மாட்டான். எனக்குக் கசந்தது. காரியம் முடிந்தது, நாய் எதற்கு? இதைத்தானே எல்லோரும் செய்கிறார்கள், இவள் மட்டும் என்ன என்று மனதுக்குள் பொருமினேன். நானே அவனைத் தேக்கத்துக்கு அழைத்துப் போனேன். என்னைச் சேற்றில் தள்ளிவிட்டுத் தனியாக வீட்டுக்கு வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்காரர் காரில் வந்தார். பின் சீட்டில் புது மெத்தை விரித்திருந்தார். தரையில் உட்கார்ந்து, அவன் மோப்பம் பிடிக்கும் வரை பொறுமையாகக் கையை நீட்டினார். எனக்கு மனசு குளிர்ந்தது. மருந்தையெல்லாம் பையில் போட்டுக் கொடுத்தேன். கயிற்றையும் கையில் கொடுத்துவிட்டேன். அப்போதுதான் கேட்டார்.

"மேடம், இவன வீட்ல மேற்குப் பார்த்துப் படுக்க வைக்கலாமா? அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"யாரு?"

கொஞ்சம் வெட்கப்பட்டார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை.

"எனக்கு ஏழரை நடக்குதுங்க. வேலைல ரொம்பப் பிரச்சனை. ஊட்டினா மட்டும் போதாது, வீட்லயே ஒரு கறுப்பு நாய வச்சுக்கோன்னு சொன்னாங்க. இவன் போட்டோவப் பார்த்ததும் ராசியாத் தோணுச்சு."

"ஏழரை எப்ப முடியுது?"

"இன்னும் ரெண்டரை வருஷம்."

"முடிஞ்ச பிறகு?"

அவர் இதை யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப பார்த்துக்கலாம் மேடம். நீங்கதான் இருக்கீங்களே" என்று சிரித்தார்.

கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். மருந்துப் பையையும் வாங்கிக்கொண்டேன். ஆச்சரியம், நான் கத்தவில்லை. இது சரிவராது, போய் வாங்க என்றேன். அவருக்குப் புரியவில்லை. புது மெத்தையோடு கார் திரும்பிப் போனது. நான் படியில் உட்கார்ந்தேன். சோபா, ஃபிரிட்ஜ், நாய். இப்போது பரிகாரச் சாமான் என்று இன்னொரு வரிசையும் சேர்ந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு நிற்க வைத்த காலை எவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் மறுபடி மடக்கிப் போடுவது என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

கேட் திறந்தது. அவள்தான். கூடவே கண்ணெல்லாம் மஞ்சளாக, எலும்பும் தோலுமாக ஒரு பையன். வந்த அன்றே மஞ்சள்காமாலை என்று பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, அந்த வாரம் முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது இருந்த கோபத்துக்கு அவள்தான் எதிரில் கிடைத்தாள்.

"இப்ப எதுக்கு வந்த? அதான் உம் புள்ள வந்துட்டானே. வேண்டுதல் முடிஞ்சிச்சில்ல?"

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்பதுபோலப் பார்த்தாள்.

"எம் புள்ள வந்துட்டா இவன் காலு சரியாப்பூடுமா யக்கா? ஒரு வாரமா தண்ணில எறங்கலன்னா பாரு, எப்டி ஒக்காந்துனுகிறான். எழுந்துருடா எரும!"

அவன் எழுந்தான். யாரும் தூக்கிவிடவில்லை. பின்னங்காலை ஒவ்வொன்றாக ஊன்றி, கோணலாக நடந்து போய், அவள் வயிற்றில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். அந்தப் பையன் பயந்து அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

மருந்துப் பையை அவள் கையில் கொடுத்தேன்.

"கூட்டினு போ. சாயங்காலம் இங்க கொண்டாந்து விடாத. உங்க வீட்லயே படுக்கட்டும்."

"எவ்ளோ நாளைக்கி?"

"எவ்ளோ நாளைக்குன்னா? இனிமே அப்படித்தான்."

அவள் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசினாள்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் யக்கா. மழைக்கு முன்னாடியே கேக்கணும்னு. நீங்க கத்துவீங்களேன்னுட்டுத்தான் கேக்கல."

அதற்கும் கத்தினேன்.